கலயம் கவுத்த தலையன்

பாப்பா, தம்பி, இதை உங்கள் இரண்டு பேருக்காகவும் எழுதுகிறேன். போன மாசியில் நம் வீட்டுச் சாமிப் பெட்டியைப் பெரியப்பா வீட்டுக்குக் கொடுத்தபோது நீங்கள் நான்கு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "சண்டை போட்டிருக்கலாம்லப்பா, ஏன் வாயைத் தொறக்காமக் குடுத்த?" என்று பாப்பா கேட்டாய். தம்பி, நீ கேட்கக்கூட இல்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாய்.

நான் பத்தாவது வரை படித்தவன். நூல் லோடு ஏற்றி வண்டி ஓட்டுகிறவன். கோவையாக எழுத வராது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். இதில் நான் செய்த ஒரு பித்தலாட்டமும் வருகிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

பெட்டியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று இருப்பதால் முதலில் இருந்து வருகிறேன். மரப்பெட்டி. உள்ளே ஒரு பித்தளை மணி, ஒரு சிவப்புப் பட்டுத் துணி, ஒரு சாண் அரிவாள், பிறகு அந்த வட்டத் தகர டப்பா. சோற்றுத் தட்டு அகலம், நாலு விரல் கனம். மூடியைச் சுற்றி அரக்கு வைத்து அடைத்திருந்தது. அதற்குள் பிடிமண் இருப்பதாக எங்கள் அய்யா சொன்னார், அவருடைய அய்யா அவருக்குச் சொன்னார். என் பூட்டன், அதாவது கொள்ளுத்தாத்தா, சாமி இருந்த பழைய இடத்துக்கு நடந்தே போய் ஒரு பிடி மண் எடுத்து, மழையில் நனையாமல் தகரத்தில் அடைத்துக் கொண்டுவந்து, திருச்சுழி போகும் வழியில் கரிசல் காட்டு உடைமரத்தடியில் சாமியை இறக்கினாராம். அன்றிலிருந்து பங்காளிகள் எட்டு வீட்டுக்கும் அந்த மண்தான் சாமி. பெட்டி இருக்கும் வீடு பெட்டி வீடு. அது நம் வீடாக இருந்தது.

சிவராத்திரி அன்று சாயங்காலம் எட்டு வீட்டாரும் நம் வாசலில் கூடுவார்கள். பெட்டி வீட்டுக்காரன் கண்ணை மஞ்சள் துணியால் கட்டிக்கொண்டு, பெட்டியைத் தலையில் வைத்து, வாசலில் மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றும்போது சாமியை அழைக்கிற சொல் ஒன்று உண்டு. முக்கால்வாசி வாய்க்குள்ளேயே போய்விடும். "விழுந்தான் பாரு" என்பதைச் சத்தமாகச் சொல்லவேண்டும், எல்லோரும் தரையில் விழுவார்கள். "எந்திரிச்சான் பாரு" என்றால் எழுவார்கள். "கும்பிட்டான் பாரு" என்றால் கும்பிடுவார்கள். இவ்வளவுதான் உங்களுக்கும் தெரியும், பெரியப்பாவுக்கும் தெரியும். முழுச் சொல்லும் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியவேண்டும் என்பது முறை. எங்கள் அய்யா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அம்மாவையும் நர்சையும் வெளியே போகச் சொல்லிவிட்டு என் காதில் சொன்னார். எழுதக்கூடாது என்றும் சொன்னார். எழுதுகிறேன்:

வாரான் வாரான்
கலயம் கவுத்த தலையன் வாரான்
கண்ணு தெரியாம வாரான்
காத்தைப் பிடிச்சு வாரான்
விழுந்தான் பாரு
எந்திரிச்சான் பாரு
நாலு காலு நிக்குது முன்னால
கும்பிட்டான் பாரு
கும்பிட்டான் பாரு

கலயம் என்றால் சாமியின் கிரீடம், நாலு கால் என்றால் கோயிலில் நிற்கிற மண் குதிரை என்று நானாக அர்த்தம் வைத்துக்கொண்டேன். அய்யா அர்த்தம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பெண் வந்த கதைக்கு வருகிறேன்.

பெட்டி போனதற்கு முந்தின வருடத் தை மாதம், பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். மில்லில் லோடு இறக்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்தேன். வாசலில் அறிமுகமில்லாத செருப்பு. உள்ளே மெட்ராஸிலிருந்து வந்த, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், முதுகுப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். உங்கள் அம்மா காப்பி கொடுத்திருந்தாள். எனக்கு அப்போதே மனதுக்குள் ஒரு நெருடல். குமாரலிங்கபுரத்தில் டெக்ஸ்டைல் பார்க் வருகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, முன்பின் தெரியாத எவர் வந்தாலும் பட்டாவைப் பற்றித்தான் கேட்பார்கள். இவள் பட்டாவைக் கேட்கவில்லை. செத்துப்போன பூட்டனைக் கேட்டாள்.

"அண்ணா, உங்க கொள்ளுத்தாத்தா பேரு இதுதானே?" என்று ஒரு தாளைக் காட்டினாள். பெயர் சரியாக இருந்தது. அது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. நம் வீட்டு ஆட்களுக்கே மறந்துபோன பெயர் மெட்ராஸ்காரிக்கு எதற்கு?

"உங்க கொள்ளுத்தாத்தா படத்துக்குப் பேசினவரு. தெரியுமா?"

"எந்தப் படத்துக்கு?"

"பேசாத படத்துக்கு."

நான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அவள் எனக்கு முன்பே எல்லாவற்றையும் கேட்டு முடித்திருந்தாள். "அந்தக் காலத்துல படம் ஊமையா ஓடுமாம்ங்க. திரைக்குப் பக்கத்துல ஒரு ஆளு கம்பை வச்சிக்கிட்டு நின்னு, இவன் வாரான், அவன் போறான்னு சொல்லுவாராம். அவுகதான் உங்க பூட்டனாராம்" என்றாள். பூட்டன் ஊர் ஊராகப் போய்ப் பேசுவார் என்று வீட்டில் சொல்வார்கள். கட்சி மேடையில் பேசியிருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்தப் பெண் பழைய படங்களைப் பாதுகாக்கிற ஓர் இடத்தில் வேலை பார்க்கிறாளாம். ஒரு சிரிப்புப் படத்தைத் தேடுகிறாள். பேசாத படம். அது எடுத்து முடிகிற நேரத்தில் பேசுகிற படம் வந்துவிட்டது. நாலைந்து ஊரில் ஓடியதோடு சரி. எடுத்த கம்பெனியும் மூடிவிட்டது. இருந்த பிரதிகளை, அதில் ஒட்டியிருக்கிற வெள்ளிக்காக உருக்கிவிட்டார்கள். கடைசியாக ஓடியது திருச்சுழியில் போட்ட கூடாரத்தில். கூடாரக்காரர் பேசுகிற படத்துக்கு மிஷின் வாங்கப் போனபோது பூட்டனுக்கு வேலை போய்விட்டது. மூன்று டப்பாவில் இரண்டுதான் கம்பெனிக்குத் திரும்பி வந்தது, மூன்றாவதை உடனே அனுப்பவும் என்று பூட்டனுக்கு எழுதிய கடிதத்தின் நகலை அவள் வைத்திருந்தாள்.

"அப்ப உங்க பூட்டன் களவாண்டுட்டாரா?" என்றாள் உங்கள் அம்மா. சிரிப்பு வேறு.

"வட்டமான தகர டப்பா ஏதாவது வீட்ல இருக்கான்னு கேட்டேன். சாமிப் பெட்டியில இருக்குன்னு அக்கா சொன்னாங்க" என்றாள் அந்தப் பெண்.

எனக்குச் சுருக்கென்றது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை ஒரு காப்பி ஆறுவதற்குள் சொல்லியாகிவிட்டது. "அது பிடிமண்ணு. எங்க சாமி. படமும் இல்ல ஒண்ணும் இல்ல" என்று எழுந்துவிட்டேன்.

அவளும் எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி, "ஒண்ணு மட்டும் கேக்குறேண்ணா. அந்த டப்பாவுக்குப் பக்கத்துல வைக்கிற துணி இத்துப்போய் ஓட்டை விழுதா? பித்தளை சீக்கிரமாப் பச்சை பிடிக்குதா? ஒரு காரமான வாசம் வருதா?" என்றாள்.

மூன்றும் உண்மை. பட்டு இரண்டு வருடம் தாங்காது. சாமி உடுத்திக் கழிக்கிறது என்போம். மணியைப் புளி போட்டு எத்தனை தேய்த்தாலும் பச்சைதான். வாசத்தைப் பற்றிச் சொன்னது நீதான் பாப்பா. அதற்கு முந்தின சிவராத்திரியில் சூடத்தட்டைப் பிடித்துக்கொண்டு, "பெட்டிக்குள்ள கெட்டுப்போன பேட்டரி வாசம் வருதுப்பா" என்றாய். நான் உன்னை அதட்டினேன்.

அவளிடம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளே சொன்னாள்: "அந்தக் காலத்து ஃபிலிம் வெடிமருந்து மாதிரிண்ணா. கெட்டுப்போச்சுன்னா சின்னப் பொறி போதும். தண்ணிய ஊத்தினாலும் அணையாது. படத்தை நீங்க குடுத்தாலும் குடுக்காட்டியும், அது பக்கத்துல சூடம் மட்டும் காட்டாதீங்க." போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

சாயங்காலமே பெரியப்பாவிடம் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் முதலில் கேட்டது, "எவ்வளவு தாரேன்னா?"

"ஒண்ணும் தாரேன்னு சொல்லலண்ணே."

"அப்பச் சரி. பெரிய கைதான்."

"என்னண்ணே சொல்றீக?"

"ஏலே, காசு தாரேன்னு வாரவன் சில்லறைத் திருடன். காசே பேசாதவன்தான் முழுசாக் கொண்டு போறவன். எங்கிட்ட வந்தவனும் இதையேதான் கேட்டான். உங்க செம்புல அரிசி ஒட்டுதா, பக்கத்துல வச்ச பால் திரியுதான்னு. தீயைக் காட்டாதீக, வெடிச்சுரும்னான். மறந்துபோச்சா?"

எப்படி மறக்கும்? பெரியப்பா வீட்டுப் பழைய செம்பில் இரிடியம் இருக்கிறது என்று சொல்லிப் பந்தல்குடி ரோட்டு லாட்ஜ் ஒன்றுக்கு வரவழைத்து, செம்போடு அவரிடம் இருந்த காசையும் பிடுங்கி அனுப்பியிருந்தார்கள். வண்டியில் அவரைக் கூட்டிவந்தவன் நான்தான். ஊர் எல்லை வந்ததும் மெதுவாக, "வீட்ல சொல்லாத" என்றார். அவராகவே அதைப் பற்றி வாய் திறந்தது அன்றுதான். "நான் ஒருதரம் ஏமாந்துட்டேன். நீயாச்சும் முழிச்சிக்க. அதுவும் இப்பப் பொம்பளைப் பிள்ளையை முன்னால விட்டுருக்கான், வீட்டுப் பொம்பளைக காப்பி குடுப்பாகன்னு தெரிஞ்சு."

அவர் சொன்னது எல்லாம் சரியாகவே பட்டது. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தால், அவள் சொன்னதும் சரியாகவே பட்டது. ஏமாற்றுகிறவனும் உண்மை சொல்கிறவனும் ஒரே மூன்று கேள்வியைக் கேட்டால் நான் என்ன செய்வது? மூன்று வாரம் இதிலேயே போனது. மண்ணைப் போய்த் திருடிக்குக் கொடுத்துவிட்டால் நான்கு தலைமுறைச் சாமியைத் தொலைத்தவன் ஆவேன். கொடுக்காமல், அவள் சொன்னது உண்மையாக இருந்து, சிவராத்திரி அன்று பெட்டிப் பக்கத்தில் சூடத்தட்டோடு நிற்பது யார்? நீதான் பாப்பா. உன் தோளைப் பிடித்துக்கொண்டு தம்பி.

எட்டு வீட்டையும் கூட்டிப் பேசினோம். திறக்கலாம் என்றவர்கள் இரண்டு பேர், கூடாது என்றவர்கள் மீதிப் பேர். கடைசியில் சாமியிடமே பூக் கேட்பது என்று முடிவானது. வெள்ளைப் பூ வந்தால் திறப்பது, சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விடுவது. பெட்டி வீட்டுக்காரன் பொட்டலம் கட்டவேண்டும், சின்னப் பிள்ளை எடுக்கவேண்டும். நீதான் எடுத்தாய், பாப்பா. கண்ணை மூடி, வாயில் ஏதோ முணுமுணுத்து, இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாய். வெள்ளை அரளி. உன் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான் கட்டியிருந்தேன்.

கோயிலுக்குப் பின்னால் வண்டியை மறைப்பாக நிறுத்தி, இலையைக் கிழித்துக் கட்டினேன். மற்றப் பொட்டலத்தை யாரும் பிரிக்கும் முன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒரு பழக்கம் மாதிரி எடுத்துப் போட்டுக்கொண்டதால் பெரியப்பாகூடக் கவனிக்கவில்லை. சாமி உன் கையால் பதில் சொன்னது என்று நீ உன் சிநேகிதியிடம் சொன்னதை ஒருநாள் கேட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

திறக்கிற நாளில் அந்தப் பெண் ஒரு காரில் வந்தாள். கோயில் பொட்டலில் காலை பத்து மணி. பெரியப்பா முதலில் அவள் ஆதார் கார்டை வாங்கிப் போட்டோ எடுத்தார். கார் நம்பரை எடுத்தார். டிரைவரை எடுத்தார். பிறகு எட்டு வீட்டு ஆட்களும் ஆளுக்கொரு போனில் எடுத்தார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் நேராக முகத்தைக் காட்டி நின்றாள்.

"சிரிக்காம நில்லும்மா" என்றார் பெரியப்பா.

"சிரிக்கலைங்க. என் மூஞ்சியே இப்படித்தான்."

டிரைவர் காரின் பின்னாலிருந்து ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டி ஒன்றை இறக்கினார். பக்கத்தில் வந்து மோந்து பார்த்த பெரியப்பா, "ஏலே, மீன் பெட்டிலே. சாமிய மீன் பெட்டில வச்சா கொண்டு போகப் போறா?" என்றார். புதுசு என்று அவள் சொன்னாள். அவர் ஒப்பவில்லை.

என் கையால்தான் திறக்கவேண்டும் என்பது நான் வைத்த நிபந்தனை. அவள் கையுறை கொடுத்தாள், முகத்துக்குத் துணி கட்டச் சொன்னாள், எல்லோரையும் இருபது அடி தள்ளி நிற்கவைத்தாள். அரக்கைச் சுரண்டி, துருவைத் தட்டி, மூடியை நெம்பினேன். மூக்கில் ஊசி குத்தியது மாதிரி ஒரு நெடி.

உள்ளே பழுப்பு நிறத்தில் தூள்.

"மண்ணு" என்றார் பெரியப்பா. இருபது அடியையும் மறந்து ஓடிவந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பின்னால் ஏழு வீட்டுக்காரர்களும் விழுந்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே உயிர் போய்விடும் போல இருந்தது. சாமி மண்ணையே திறந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"மண்ணு இல்லைண்ணா. கெட்டுப்போன ஃபிலிம் கடைசியில இப்படித்தான் தூளாகும்" என்று மெதுவாகச் சொன்னாள் அவள். தூளை ஓரமாக ஒதுக்கச் சொன்னாள். நடுவில், காய்ந்த சாணி எருவாட்டித் துண்டு மாதிரி கறுப்பாக, கெட்டியாக, சுருள் சுருளாக ஒட்டிப்போன ஒரு வட்டு இருந்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லை. அதைக் கண்டதும் அவள் கண் கலங்கியதா, நெடியில் கண் எரிந்ததா, எனக்குத் தெரியாது. நான் அதையும் சந்தேகப்பட்டேன்.

தூள் வெளியே போகக்கூடாது என்று பெரியப்பா பிடிவாதமாக நின்றார். அவளும் அதை இங்கேயே விடச்சொன்னாள், குழி வெட்டி நிறையத் தண்ணீர் ஊற்றிப் புதைக்கவேண்டும் என்றாள். உடைமரத்தடியில் புதைத்தோம். வட்டையும் பழைய டப்பாவையும் ஐஸில் வைத்து எடுத்துக்கொண்டு, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். புதைத்த இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை நான் புது எவர்சில்வர் டப்பாவில் அடைத்தேன். அந்த வருடச் சிவராத்திரி அந்த டப்பாவோடுதான் நடந்தது.

அதன் பிறகு அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பங்குனி போனது, சித்திரை போனது. நான் கூப்பிட்டால் போன் அணைந்திருக்கும், இல்லாவிட்டால் கூட்டத்தில் இருக்கிறேன் என்று ஒரு வரி வரும். ஆனியில் ஒரு வீட்டில் அம்மை போட்டது. ஆடியில் இன்னொரு வீட்டுப் போர்வெல் வற்றியது. என் வண்டி அச்சு முறிந்து பாலத்துப் பக்கம் நின்றபோது, உதவிக்கு வந்தவர்களே, "நடு மண்ணை உருட்டி எடுத்துட்டுப் போயிட்டாள்ல, பின்ன எப்படி?" என்றார்கள். நடு மண் என்ற பெயரை வைத்தது பெரியப்பா. ஓரத்துத் தூளை நமக்கு விட்டுவிட்டு, சாமி குடியிருக்கிற நடு மண்ணை அவள் கொண்டுபோய்விட்டாள் என்பது அவர் கணக்கு. எனக்கும் ராத்திரி பகலாக அதுவே ஓடியது. உங்கள் அம்மாவிடம், "நீ காப்பி குடுத்ததுல வந்தது" என்று எத்தனை தடவை சொன்னேன். அவள் ஒருநாள் டம்ளரை என் முன்னால் வைத்து, "இதுவும் காப்பிதான். பாத்துக் குடிங்க" என்றாள்.

ஐப்பசியில், நூல் மில்லில் வரிசையில் நின்றபோது போனில் படம் வந்தது. பதினொரு படங்கள். அந்த வட்டின் உள் சுற்றில் மட்டும் பதினொரு துண்டு பிழைத்ததாம், எட்டு மாதம் ஆகிவிட்டது, மன்னிக்கணும்ணா என்று எழுதியிருந்தாள். கறுப்பு வெள்ளை. ஓரமெல்லாம் கரையான் அரித்த மாதிரி. ஓர் ஆள் தெருவில் நிற்கிறான். அவ்வளவுதான் முதலில் தெரிந்தது.

வண்டியை நேராகப் பெரியப்பா வீட்டுக்கு விட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பதினொன்றையும் பார்த்தார். "செத்தவனையே கம்ப்யூட்டர்ல பேச வைக்கிறான். எம் பேரன் என்னைய மீசையோட போலீஸா ஆக்கிக் காட்டுறான். இது என்ன பெரிய வேலை?" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

போனை வாங்கிக்கொண்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் கொடுத்தேன். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இவன் பாக்க நீங்க பெட்டி தூக்குற மாதிரில்ல இருக்கான்?"

வாங்கிப் பார்த்தேன். அந்த ஆளின் தலையில் ஒரு மண் கலயம் கவிழ்ந்து, கழுத்துவரை இறங்கி மாட்டிக்கொண்டிருந்தது. கண் தெரியாமல் இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தடவிக்கொண்டு வருகிறான். காத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறான். அடுத்த படத்தில் விழுந்து கிடக்கிறான். அடுத்ததில் எழுகிறான். எட்டாவது படத்தில் அவன் முன்னால் ஒரு கழுதை நிற்கிறது. கடைசி மூன்று படத்திலும், யாரோ பெரிய மனிதர் மேல் முட்டிவிட்டோம் என்று நினைத்து, அந்தக் கழுதையைக் கும்பிடுகிறான்.

அய்யா என் காதில் சொன்ன சொல், வரிக்கு வரி அப்படியே. அப்போதும் என் புத்தி போகிற இடத்துக்குத்தான் போனது. "பெட்டி தூக்கும்போது சொல்ற சொல்லை அந்தப் பிள்ளைகிட்டச் சொன்னியா?" என்றேன்.

"எனக்கு எங்க தெரியும்? கல்யாணம் ஆன நாளா நீங்க முணுமுணுக்கிறதைத்தான கேக்குறேன்."

உண்மைதான். அவளுக்குத் தெரியாது. பெரியப்பாவுக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறவர்களில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். நான் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. அப்படியானால் கம்ப்யூட்டரில் செய்தவனுக்குக் கலயமும் நாலு காலும் எப்படித் தெரியும்? அவள் சொன்னது அத்தனையும் உண்மை. டப்பாவில் இருந்தது படம். அதற்குப் பூட்டன் கூடாரத்தில் நின்று சொன்ன சொல்லைத்தான் நான்கு தலைமுறையாகச் சாமி முன்னால் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு நாள் முழுக்கப் பூட்டன் மேல் கோபமாக இருந்தது. எட்டு வீட்டையும் கழுதைக்குக் கும்பிட வைத்தாரா? விளையாட்டுக்குச் செய்தாரா? வேலை போனவர், தன்னிடம் மிஞ்சியதைக் கொண்டுபோய்த் தனக்குத் தெரிந்த நல்ல இடத்தில் வைத்தாரா? மண்ணும் உண்மையாகவே கொஞ்சம் உள்ளே போட்டாரா? எனக்குத் தெரியாது. யாரைக் கேட்பது? இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ கட்டியவன் அவரைக் கேட்கலாமா என்றும் தோன்றியது.

நான் ஏமாறவில்லை என்று எட்டு வீட்டிலும் சொல்ல அப்போது என் கையில் சாட்சி இருந்தது. இதைத்தான் பாப்பா நீ புரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சாட்சி என் வாய்க்குள் மட்டும்தான் இருந்தது. நான் சொல்லைச் சொன்னால், "படத்தைப் பாத்துட்டு நீயே கட்டினதுலே" என்று பெரியப்பா ஒரே வரியில் முடித்துவிடுவார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். ஒருவேளை நம்பிவிட்டாலும், அதற்குப் பிறகு எவர் அந்தச் சொல்லுக்குத் தரையில் விழுவார்?

தை மாதக் கூட்டத்தில், பெட்டி இனி மூத்த வீடான பெரியப்பா வீட்டுக்குப் போகட்டும், சாமியைக் காக்கத் தெரியாத வீட்டில் இருக்கவேண்டாம் என்று பேசினார்கள். நான் சரி என்றேன். அதுதான் நீங்கள் பார்த்தது.

நீங்கள் பார்க்காதது, அதற்கு மறுநாள் பெரியப்பாவைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லை அவர் காதில் சொன்னது. அவர் கண்ணை மூடி, ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை திருப்பிச் சொன்னார். ஒரு எழுத்தை விடவில்லை. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அர்த்தம் என்னலே?" என்றார்.

"எங்க அய்யா எனக்கு அர்த்தம் சொல்லலண்ணே."

"அதுவும் சரிதான். சாமி சொல்லுக்கு என்ன அர்த்தம்" என்றார். எழுந்தவர் என் தோளில் கை வைத்து, "ஒன்னை நான் திருடன்னு நெனக்கல. ஏமாந்தவன்னுதான் சொன்னேன். நானும் ஏமாந்தவன்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டியில் கூட்டிவந்த நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் அவ்வளவு மெதுவாகப் பேசியது அன்றுதான்.

நீங்கள் இதை நம்பவேண்டும் என்று நான் கேட்கவில்லை. பூவில் பொய் செய்தவன் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பெட்டி போன மறுநாள் மதியம் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். அம்மா தறிக்குப் போயிருந்தாள். நான் கதவைச் சாத்தினேன். பெட்டி இருந்த மாடத்தில் அதன் நாலு கால் பதிந்த தடம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. அந்த இடத்தில் போனைச் சாய்த்து வைத்தேன். பதினொரு படத்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, படத்துக்கு ஏற்றபடி சொல்லைச் சொன்னேன். முணுமுணுக்கவில்லை. கூடாரத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். "விழுந்தான் பாரு" வந்தது. பெட்டி தூக்குகிறவன் விழக்கூடாது என்பதால், இருபது வருடமாக எல்லோரும் என்னைச் சுற்றி விழ நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். அன்று தலையில் பெட்டி இல்லை. தரையில் விழுந்தேன். "எந்திரிச்சான் பாரு" என்று நானே சொல்லிவிட்டு, கையை ஊன்றி எழுந்து, அடுத்த படத்தைத் தள்ளினேன்.